அப்பாவின் சிங்கப்பூர் கிட்டாரில் உளி வைக்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். அப்பா 1970களில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டார் இருபது வருடமாகப் பரணில் கிடந்தது, இப்போது இறக்கியிருக்கிறேன். இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சத்தமாக்க வாங்கும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பாகம்), இரண்டிலும் மேலே தங்க நிறத்தில் மெல்லிய தகடு, தனித்தனி ஸ்லைடு சுவிட்ச். நெக் பக்கத்து பிக்கப் பேசவே இல்லை. பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனை உட்காரும் கட்டை) பக்கத்தில் சத்தம் வருகிறது, கூடவே ஒரே இரைச்சல். தெரிந்தவர் ஒருவர், “இதெல்லாம் செத்துப்போச்சு, ரெண்டையும் எடுத்துட்டு ஹம்பக்கர்னு வேற வகை பிக்கப் போட்டு வயரிங் முழுக்க மாத்தித் தர்றேன், 8,000 ரூபாய், பழசை நானே கழிச்சுக்கறேன்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 8,000 ரூபாயைவிட, “பழசை நானே கழிச்சுக்கறேன்” என்ற வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்றது. தங்கத் தகடு போட்ட அந்தக் காலத்து ஜப்பான் பிக்கப்பை உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள் தம்பி. அமெரிக்காவில் ரை கூடர் என்ற கிட்டார்காரர் டெய்ஸ்கோ என்ற ஜப்பான் கம்பெனிக் கிட்டாரின் பிக்கப் ஒன்றைக் கழற்றித் தன் கிட்டாரில் வைத்துக்கொண்டார், அதிலிருந்து அதற்குத் தனி மவுசு. நம் ஊரில் வைத்திருப்பவருக்கு அது தெரியாது, கேட்பவருக்குத் தெரியும். பழைய வெண்கலப் பானைக்குப் புது எவர்சில்வர் குடம் கொடுத்து வீடு வீடாக வாங்கிப் போனார்களே, அதே கதைதான் இது.

செத்துப்போச்சு என்று பார்த்தவுடனே அவர் எப்படிச் சொன்னார்? மீட்டர் வைத்தாரா? வைத்திருக்க மாட்டார். நீங்களே வைத்துப் பாருங்கள், கிட்டாரைத் திறக்கக்கூட வேண்டாம். கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனையை ஆம்பில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமை முழுக்கத் திறந்துவிட்டு, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் இன்னொன்றை அதன் தண்டிலும் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்பின் சுவிட்ச் மட்டும் போட்டிருக்க வேண்டும். 4 முதல் 8 கிலோ ஓம்வரை எது காட்டினாலும் உள்ளே காயில், அதாவது கம்பிச்சுருள், உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யம் வந்தால் எங்கேயோ ஷார்ட். திரையின் ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால் எங்கேயோ கட். அந்தக் கட் பிக்கப்புக்குள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அது வழியில்தான் இருக்கும்.

வழி என்றால் முதலில் அந்த ஸ்லைடு சுவிட்ச். இருபது ஐப்பசி மழையைப் பரணில் கிடந்தே பார்த்த சுவிட்ச் அது, உள்ளே தகடு கறுத்துப் போயிருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று ஸ்பிரே கிடைக்கிறது. சுவிட்சின் இடுக்கில் ஒரு பீய்ச்சு பீய்ச்சி, முப்பது நாற்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். வால்யூம் கண்ட்ரோலுக்கும் அதே வைத்தியம். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவரை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

அதற்கும் பேசவில்லை என்றால் கிட்டார் உடம்பின் மேல் இருக்கிற பெரிய தகட்டைக் கழற்றி, பிக்கப்பிலிருந்து வரும் இரண்டு வயரில் நேரடியாக மீட்டர் வையுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து இதே மாதிரி ஒரு கிட்டார் என்னிடம் வந்தது. தகட்டைத் தூக்கினால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு, மண் இறுகிப் போய், நெக் பிக்கப்பின் வயர் அதன் நடுவிலேயே புகுந்து போகிறது. தூரிகையில் தண்ணீர் தொட்டுத் தொட்டு மண்ணைக் கரைத்து எடுக்க ஒரு மணி நேரம். வயரின் முனை பச்சைக் களிம்பு பூத்திருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. இரண்டு அங்குலத்துக்குப் புது வயர் வைத்துப் பற்றவைத்தேன், மீட்டர் 5.8 கிலோ ஓம் காட்டியது. ஏற்கெனவே இரண்டு பேர் செத்துப்போச்சு என்று சொன்ன பிக்கப் அது. நான் வாங்கியது 150 ரூபாய், அதில் பாதி குளவிக்கு.

பற்றவைப்பதில் ஒரு விஷயம். பாத்திரம் ஒட்டுகிற ஆசிட் பேஸ்ட் இங்கே பட்டறை பட்டறையாகக் கிடக்கும், அதைத் தொட்டு வைத்தால் ஈயம் வெண்ணெய் மாதிரி ஓடும், அடுத்த மழைக்காலத்துக்குள் வயரையே தின்றுவிடும். பிசின் உள்ளேயே இருக்கிற 60/40 ஈயக் கம்பி மட்டும் போதும்.

சரி, காயிலே உள்ளே அறுந்திருந்தால்? அப்போதும் புதுசுக்கு ஓட வேண்டாம். அறுப்பு பெரும்பாலும் மேல்சுற்றில், மெல்லிய கம்பி வெளிவயரோடு சேரும் இடத்தில்தான் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். ஆழத்தில் அறுந்திருந்தால் திரும்பச் சுற்ற வேண்டும், இங்கேதான் டெல்டாக்காரர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம். நம் பக்கம் தெருவுக்கு ஒரு பம்ப்செட் மோட்டார் காயில் கட்டுகிறவர் உண்டு, “காயில்தானே, கொண்டா” என்பார். நல்ல தொழிலாளிதான், ஆனால் இது வேறு கம்பி. கிட்டார் பிக்கப்புக்கு 42 கேஜ் கம்பி என்று எங்கேயாவது படித்துவிட்டு நீங்களும் போய் 42 கேஜ் என்று கேட்பீர்கள். அந்த 42 அமெரிக்கக் கணக்கு, 0.063 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட தலைமுடி. நம் கடையில் எஸ்டபிள்யூஜி என்ற ஆங்கிலேயர் கணக்கில்தான் கம்பி தருவார்கள், அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். கேட்டால் பொடி வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் அந்தக் கம்பி பிடிக்கிற இடம் இரண்டரை மடங்கு. ஏழாயிரம் சுற்று வர வேண்டிய இடத்தில் மூவாயிரம்கூட வராமல் பாபின் நிரம்பிவிடும், பிக்கப் முனகும். நீங்கள் கேட்க வேண்டியது எஸ்டபிள்யூஜி 46. இந்த ஒரு எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். சுற்றுபவரிடம் எண்ணிக்கை காட்டுகிற மீட்டர் வைத்த சின்ன மெஷின் இருக்கிறதா, ரிலே காயில் மாதிரி மயிர்க்கம்பி சுற்றிப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், இல்லை என்றால் அவர் இழுக்கிற இழுப்பில் பத்து சுற்றுக்கு ஒருமுறை அறும், கடைசியில் அவருக்கும் கோபம் உங்களுக்கும் கோபம்.

இப்போது இரைச்சல். ஒற்றைக் காயில் பிக்கப் இரையத்தான் செய்யும், அது நோய் இல்லை, பிறவிக் குணம். கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலையை அது ஏரியல் மாதிரி வாங்கும். இதற்குத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு காயிலை எதிரெதிராகச் சேர்த்து இரைச்சலை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வைத்தார், 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் ஹம்பக்கர். நல்ல சாமான்தான், யார் இல்லை என்றது? ஆனால் உங்கள் கிட்டாரின் குழி அதன் அளவே இல்லை, மரத்தில் உளி வைக்காமல் இறங்காது. அந்தக் காலத்துக் கிட்டார்கள் சிலவற்றின் உடம்பு ஒட்டுப்பலகை, உளி பட்டால் பிளாச்சு பிளாச்சாகக் கிளம்பும். வெட்டினது வெட்டினதுதான். அப்புறம் பழைய பிக்கப்பைத் திருப்பி வைக்க நினைத்தாலும் உட்காராது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. வாசிக்கிற கம்பியை விரலால் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. மாறவே இல்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் அறுந்திருக்கிறது, அதை வைத்தாலே பாதி தொல்லை போகும். தொட்டால் கூடுகிறது என்றால் யாரோ ஜாக்கில் இரண்டு வயரையும் மாற்றி வைத்திருக்கிறார்கள். மீதியில் கொஞ்சம், உள்குழி முழுக்கச் செப்பு ஒட்டுத்தாள் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் குறையும். அடுப்படி அலுமினியத் தாளும் வேலை செய்யும், ஆனால் அதில் ஈயம் ஒட்டாது, திருகு வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் மேடையில் சீரியல் லைட்டு டிம்மர் பக்கத்தில் நின்றால் இரையும். இரண்டடி தள்ளி, கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, திரும்பினால் உண்மையிலேயே குறையும்.

எர்த் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். மைக்கில் உதடு படும்போது சுரீரென்று இழுத்தால் அது கிட்டார் பிரச்சினை இல்லை, பிக்கப் மாற்றினால் போகாது. ஆம்பின் மூன்றாவது பின்னுக்கு எர்த் வரவில்லை. எத்தனை மண்டபத்தில் பார்த்துவிட்டேன், வாடகை லட்சத்தில், ஏசி உண்டு, அலங்கார வளைவு உண்டு, எர்த் குழிக்கு ஒரு மூட்டை உப்பும் கரியும் போட ஆள் இல்லை. கேட்டால் மேனேஜர் எலெக்ட்ரீஷியனைக் காட்டுவார், எலெக்ட்ரீஷியன் ஜெனரேட்டர்காரரைக் காட்டுவார், ஜெனரேட்டர்காரர் சாப்பிடப் போயிருப்பார். இழுத்தால் வாசிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்காருங்கள். யார் என்ன சொன்னாலும் சரி.

வயரிங்கை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற ஆசை இருந்தால் மாற்றலாம், ஆனால் பழசைப் பிய்க்காமல். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கிட்டாரின் அந்தப் பெரிய தகட்டை அச்சாக வைத்து அக்ரிலிக்கில் ஒன்று வெட்டி வாங்குங்கள். புது சுவிட்ச், புது கண்ட்ரோல் எல்லாம் அதில் ஏறட்டும். பிக்கப் மட்டும் இதிலிருந்து அதற்கு மாறும். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம் கண்ட்ரோல், இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் 500. வால்யூமுக்கு ஏ என்று போட்ட லாக் (log) வகை கேளுங்கள். ஆன்லைனில் ஏ என்று படம் போட்டுவிட்டு பி அனுப்புகிறார்கள், திருப்பி அனுப்பினால் மறுபடியும் பியே வருகிறது, எனக்கே மூன்று தடவை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ரயில் ஏறினால்கூட இதைவிடச் சீக்கிரம் முடியும். டோனுக்கு 473 அல்லது 223 என்று எண் போட்ட சாதாரண பாலியெஸ்டர் கெபாசிட்டர் போதும், சில ரூபாய்தான். பழைய காலத்து ஆயில் கெபாசிட்டர் என்று ஆயிரக்கணக்கில் விற்பவரைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அளவு ஒன்றாக இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. பிக்கப்பை மெழுகில் முக்கி எடுக்கவும் சிலர் சொல்வார்கள். அது ஆம்பைக் கூட்டினால் கீச்சென்று கத்துகிற பிக்கப்புக்கு வைத்தியம், உங்களுடையது கத்தவில்லை.

இரண்டு பிக்கப்பும் சரியானபின் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். மூக்கால் பேசுவது மாதிரி ஒல்லியாகக் கேட்டால் ஒன்றின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். பிக்கப்பின் மேலிருக்கிற உலோகத் தகடு எர்த் வயரோடு ஒட்டியிருந்தால் மட்டும் அதை முதலில் தனியாகப் பிரித்து எர்த்திலேயே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தகட்டைத் தொடும்போதெல்லாம் உறுமும்.

வேலையை யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் கிட்டாரின் பெரிய தகட்டைத் திறந்து பிக்கப்பின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கண் முன்னாலேயே எடுங்கள். கழற்றுகிற திருகுவரை எல்லாம் ஒரு டப்பாவில் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளித்தால் கிட்டாரை வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறுங்கள். மீட்டரில் என்ன வந்தது என்று எழுதுங்கள், நெக் பக்கத்து எண்ணைத் தனியாகக் குறிப்பிட்டு.