ஹிப்னாடிசம் செய்து ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நடக்க வைக்க முடியுமா?

பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று மேடையில் தின்றவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு விழாவுக்கு ஒரு ஹிப்னாடிசக்காரர் வந்தார். அரங்கில் இருந்த எல்லாரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, "ஒட்டிக்கொண்டது, இனிப் பிரிக்க வராது" என்றார். நிஜமாகவே பிரிக்கத் திணறிய இருபது பேரை மேடைக்கு அழைத்தார். அதிலும் பாதிப் பேரைத் தோளில் தட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். வித்தையில் பெரும்பகுதி அந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது என்பது அன்றைக்குப் புரியவில்லை.

மிஞ்சியவர்கள் கையில் ஆளுக்கொரு வெங்காயம். "சிம்லா ஆப்பிள், சாப்பிடுங்கள்" என்றார். கடித்தேன். காரம் தெரிந்ததா? தெரிந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் அது பெரிய விஷயமாகவே படவில்லை. நிறுத்த நினைத்திருந்தால் நிறுத்தியிருப்பேன், நினைக்கத் தோன்றவில்லை. இத்தனை பேர் கைதட்டுகிறார்கள், பாவம் மனிதர், நாம் ஏன் கெடுப்பானேன் என்று உள்ளே ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்து என் பக்கத்தில் நின்ற நண்பனிடம், முன்வரிசையில் இருந்த துறைத்தலைவரைப் பெயர் சொல்லி அதட்டச் சொன்னார். அவன் கண்ணைத் திறந்து, "வேண்டாம் சார், இன்டர்னல் மார்க் இருக்கு" என்றான்.

அந்த 'ஏன் கெடுப்பானேன்' மூலையை உளவியல் ஆய்வாளர்கள் மார்ட்டின் ஓர்னும் ஃபிரெடெரிக் எவன்ஸும் 1965ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அழகாகப் பிடித்தார்கள். ஹிப்னாடிசத்தில் ஆழ்ந்தவர்கள் விஷப்பாம்பை எடுக்கக்கூடக் கை நீட்டுவார்கள் என்று அதற்கு முன்பே சிலர் சோதித்துக் காட்டியிருந்தார்கள். இவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள்: பாம்பைப் பிடி, புகையும் அமிலத்துக்குள் கைவிட்டு நாணயத்தை எடு, அந்த அமிலத்தை உதவியாளர் முகத்தில் வீசு. பாம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இருந்தது. அமிலம் பட்ட கையை உடனே கழுவிவிட்டார்கள். வீசுவதற்கு முன் அமிலத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். ஹிப்னாடிசத்துக்கு உட்பட்ட 6 பேரில் 5 பேர் மூன்றையும் செய்தார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் பத்திரிகைக்காரர்களுக்குத் தீபாவளி. ஆனால் இன்னொரு 6 பேரை, மயங்கியதுபோல நடிக்க மட்டும் சொல்லி, அதே அறைக்குள் அனுப்பியிருந்தார்கள். அந்த 6 பேருமே மூன்றையும் செய்தார்கள்! முழு விழிப்பில் இருந்தவர்கள். பிறகு கேட்டால், ஆராய்ச்சிக்கூடத்தில் நம்மையோ பிறரையோ சாக விடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் என்றார்கள். அப்படியானால் அமிலத்தை வீச வைத்தது மயக்கம்தான் என்று எப்படிச் சொல்வது?

டென்மார்க் வழக்கைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1951ல் கோபன்ஹேகனில் பாலே ஹார்ட்ருப் என்பவன் வங்கியில் கொள்ளையடிக்கப் புகுந்து இருவரைச் சுட்டுக் கொன்றான். முன்பு சிறையில் உடனிருந்த நீல்சன் தன்னை ஹிப்னாடிசத்தால் ஆட்டுவித்ததாகச் சொன்னான். நீல்சனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒருவன் இன்னொருவனை நாள்கணக்கில் பேசிப்பேசியே தன் பிடிக்குள் கொண்டுவரலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு ஹிப்னாடிசம் எதற்கு? ஹார்ட்ருப்பே பின்னாளில் ஒரு பேட்டியில், அந்தக் கதை தான் கட்டியது என்று சொல்லிவிட்டான். (பேருந்தில் 'ஏதோ வசியம் பண்ணி' நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டான் என்று நம் ஊரில் சொல்லும்போதும் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும். நைச்சியமாகப் பேசி ஏமாற்றிவிட்டான் என்பதைவிட வசியம் என்றால் வீட்டில் திட்டு குறைவு.)

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஹிப்னாடிசத்தில் மறந்ததை மீட்கலாம் என்கிறார்கள் பாருங்கள், அதில். அப்போது வரும் நினைவுகளில் கற்பனை எளிதாகக் கலந்துவிடும். சொல்பவருக்கோ அது சத்தியமாக நடந்ததுபோல உறுதி கூடிவிடும். இதனால்தான் 1982ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அப்படி மீட்ட நினைவுகளைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று முழு வெங்காயத்தையும் தின்று முடித்ததாகத்தான் எனக்கு நினைவு. நண்பன் இரண்டே கடி என்கிறான்.