கார் இல்லாமல் அல்சாஸ்: பெற்றோருடன் நான்கு நாளில் எதைப் பார்க்கலாம்?

கேள்வி: மகள் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் படிக்கிறாள். அக்டோபரில் நானும் மனைவியும் என் பெற்றோரும் அவளைப் பார்க்கப் போகிறோம். பக்கத்திலேயே பிரான்சின் அல்சாஸ் இருக்கிறது, பார்க்காமல் திரும்பாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு நான்கு நாள் ஒதுக்க முடியும். கார் ஓட்டப்போவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லோரும் சைவம். மனைவி புடவைக்கடை நடத்துகிறார். எங்களுடையது ஜெர்மனி கொடுத்த ஒருமுறை நுழைவு விசா. எல்லை தாண்டினால் சிக்கல் வருமா? படங்களில் எல்லாக் கிராமமும் ஒரே மாதிரி அழகாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? டிசம்பருக்குத் தள்ளிப்போட்டால் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாம் என்கிறாள் மகள். அது நல்லதா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: விசாவை முதலில் முடித்துவிடுவோம். சிக்கல் இல்லை. ஜெர்மனியும் பிரான்சும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருப்பவை. ஒருமுறை நுழைவு என்பது அந்தப் பகுதிக்குள் ஒருமுறை நுழைவது. உள்ளே எத்தனை முறை ரைன் நதியைத் தாண்டினாலும் அது கணக்கில் வராது. ஆனால் அசல் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ரயிலிலும் டிராமிலும் போலீசார் ஏறிக் கேட்பதுண்டு. விடுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நகல் காட்டினால் வீண் தொல்லை.

கிராமங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்கிறீர்கள். ஒன்றிரண்டு பார்த்தால் போதும் என்பதே என் எண்ணமும். மரச்சட்ட வீடு, ஜன்னலில் பூந்தொட்டி, பின்னால் திராட்சைத் தோட்டம் என மூன்றாவது ஊரில் அப்பா பெஞ்சு தேட ஆரம்பித்துவிடுவார். அல்சாஸை வேறெந்த ஊரும் போல இல்லாமல் ஆக்கியது அதன் எல்லைதான். 1681இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அல்சாஸின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூரைக் கைப்பற்றினார். 1871இல் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது, 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940இல் நாஜிகள் பிடித்தார்கள், 1944–45இல் மறுபடி பிரான்ஸ். 1870இல் பிறந்து எண்பது வயது வாழ்ந்த ஒருவர், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். இந்த வடு கண்ணுக்குத் தெரியும் இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான்கு நாள் தாராளம்.

தங்குவது நான்கு இரவும் ஸ்ட்ராஸ்பூரிலேயே, ரயில் நிலையத்துக்கும் பழைய நகருக்கும் நடுவில் எங்காவது இருக்கட்டும். பெட்டிகளோடு ஊர் மாறுவதில் ஒரு நாள் போய்விடும்.

முதல் நாள் பேராலயம். வோஜ் மலையின் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டியது. 1439இல் முடிந்த 142 மீட்டர் கோபுரம், 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. இரண்டாவது கோபுரம் எழவே இல்லை. மேல்தளத்துக்கு 332 படிகள், லிஃப்ட் கிடையாது. அம்மாவோடு ஒருவர் கீழே இருந்துகொள்ளுங்கள். உள்ளே வானியல் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். இப்போதுள்ள இயந்திரம் ஷ்வில்கே என்பவர் 1838க்கும் 1843க்கும் இடையில் செய்தது. நகரத்தின் பழைய உள்ளூர் நேரத்தில் ஓடுவதால், நம் கைக்கடிகாரம் 12.30 காட்டும்போதுதான் அதற்கு நண்பகல். அப்போது பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக இயேசுவின் முன் நகர்வார்கள், சேவல் மூன்று முறை கூவும். இதற்குத் தனி டிக்கெட் உண்டு. அந்த நேரத்தை ஒட்டிப் பொது வாசலையும் மூடிவிடுவார்கள். கூட்டத்தில் முண்டியடிக்க அம்மாவால் முடியாது என்றால் வேறு நேரத்தில் போங்கள். கால் மணிக்கு ஒருமுறை, கீழ்த்தட்டில் குழந்தை, இளைஞன், நடுவயதினன், கிழவன் என ஒருவர் மாறி ஒருவர் எலும்புக்கூடாக நிற்கும் மரணத்தின் முன்னால் கடந்து போவார்கள். என்னைக் கேட்டால் சீடர்கள் ஊர்வலத்தைவிட இதுதான் மேல்.

பிற்பகலில் படகு. பேராலயத்துக்குப் பக்கத்திலேயே ஏறலாம். சுமார் 70 நிமிடம், முழுவதும் உட்கார்ந்தபடி. பெத்தித் பிரான்ஸ் என்ற பழைய தோல் பதனிடுவோர் பகுதியில் படகு ஒரு மதகுக்குள் நுழையும். முன்னும் பின்னும் கதவு மூடி, தண்ணீர் ஏற ஏறப் படகும் மேலே வரும். அழகான பெயர்தான், ஆனால் அங்கிருந்த மேகநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்த நோயை ஜெர்மானியர்கள் பிரெஞ்சு வியாதி என்றுதான் சொன்னார்கள். படகு ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை போய்த் திரும்பும். உள்ளே பார்க்க நுழைவு இலவசம். அங்கும் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

மறுநாள் காலை ரெபுப்ளிக் சதுக்கம். சுற்றிலும் 1871க்குப் பிறகு ஜெர்மானியப் பேரரசு எழுப்பிய கனத்த கட்டடங்கள். இந்தப் புதுநகரையும் 2017இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பேராலயம் இருக்கும், ஆறு சூழ்ந்த பழைய தீவு நகரம் 1988லேயே சேர்ந்துவிட்டது. சதுக்கத்தின் நடுவே 1936இல் வைத்த போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு தாய், மடியில் சாகக் கிடக்கும் இரண்டு மகன்கள். ஒருவன் பிரான்சுக்காக, மற்றவன் ஜெர்மனிக்காகப் போரிட்டவன். இருவருக்கும் சீருடை இல்லை, உடம்பில் துணியே இல்லை. எவன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. பிரான்சின் மற்ற ஊர்களில் தாய்நாட்டுக்காக உயிர்நீத்தோர் என்று பொறித்திருப்பார்கள். இங்கே இறந்த எங்கள் மக்களுக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இது நின்ற சில ஆண்டுகளிலேயே, 1942 முதல், அல்சாஸ், மோசெல் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1,30,000 பேரை நாஜிகள் வலுக்கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்த்தார்கள். நாள் முழுக்க வேறெதுவும் பார்க்காவிட்டாலும் இந்தச் சிலையைப் பாருங்கள்.

அன்று பிற்பகல் 'டி' என்ற தடத்தின் டிராம் ஏறி ரைனைத் தாண்டி ஜெர்மனியின் கெல் ஊருக்குப் போய் வாருங்கள். 2017இல் தொடங்கிய பாதை. மறுகரையில் சோப்பும் சிகரெட்டும் மலிவு என்று ஸ்ட்ராஸ்பூர்வாசிகள் பையோடு ஏறுவதைப் பார்க்கலாம். அருகிலேயே இரு கரைகளையும் இணைக்கும் நடைப்பாலமும் பூங்காவும் உண்டு. கார்ல்ஸ்ரூவிலிருந்து வரும்போதும் இது உதவும்: மகளின் ஜெர்மன் மாதாந்திர டிக்கெட்டில் அவள் கெல் வரை வரலாம், அங்கிருந்து டிராமுக்குத் தனி டிக்கெட். பெட்டிகள் அதிகம் என்றால் நேரடி அதிவேக ரயிலில் சுமார் 40 நிமிடம்.

மூன்றாம் நாள் கொல்மார், ரயிலில் அரை மணி. பிரான்சின் மற்ற பகுதிகளில் ரயில் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும், இங்கே வலப்பக்கம். ஜெர்மானிய ஆட்சியில் அமைந்த வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். செலஸ்தா ஊரை நெருங்கும்போது மலைமுகட்டில் ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை தெரியும். அதை ரயிலிலிருந்து பார்த்தால் போதும் என்பேன். பாழடைந்து கிடந்ததை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900க்கும் 1908க்கும் இடையில் திருப்பிக் கட்டியது. இது என் மண் என்று காட்டிக்கொள்ளத்தான். சுவையான கதை, ஆனால் உள்ளே படிகள் ஏராளம்.

கொல்மாரில் எல்லோரும் குட்டி வெனிஸ் கால்வாயில் படம் எடுக்க ஓடுவார்கள். நீங்கள் நேரே உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் (செவ்வாய் விடுமுறை). 1512–1516இல் குரூனவால்ட் வரைந்த ஐசன்ஹைம் பலிபீடம் அங்கே இருக்கிறது. ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் கைகால் அழுகிப்போகும் நோய் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அந்த நோயாளிகளைக் கவனித்த மடத்துக்காக வரைந்தது இது. அவர்களை இதன் முன்னால் கொண்டுவந்து விடுவார்களாம். அதனால்தான் சிலுவையில் இருக்கும் இயேசுவின் தோலும் பச்சை பாய்ந்து, முள் தைத்து, புண்ணாக இருக்கிறது. புனித வனத்து அந்தோணியாரைப் பேய்கள் வதைக்கும் பலகையில் இடதுபுறக் கீழ் மூலையைப் பாருங்கள்: வீங்கிய வயிறும் கொப்புளங்களுமாக ஓர் உருவம் சாய்ந்து கிடக்கும். மெல்லிய மனதுள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுதந்திர தேவி சிலையைச் செய்த பர்த்தோல்டியும் இவ்வூர்க்காரர்தான். அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

கிராமம் வேண்டுமென்றால் அன்றே மாலை எகிஸ்ஹைம். கொல்மாரிலிருந்து ஏழு கிலோமீட்டர் போலத்தான், டாக்சிக்கும் கட்டுப்படியாகும். கோட்டையைச் சுற்றி வட்டவட்டமாகச் செல்லும் தெருக்கள், ஏற்றம் அதிகமில்லை. கல் பாவிய தரை என்பதால் அம்மாவுக்கு நல்ல ஷூ வேண்டும், செருப்பு வேண்டாம். ஞாயிறாக இருக்கக் கூடாது. கிராமத்து பஸ்கள் அன்று வெகு குறைவு.

நான்காம் நாள் உங்கள் மனைவிக்கு. மியுலூஸ் நகரின் துணி அச்சு அருங்காட்சியகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. சோழமண்டலக் கரையிலிருந்து, புதுச்சேரி வழியாகவும், பிரான்சுக்குப் போன பூ அச்சுப் பருத்தித் துணிகளுக்கு அங்கே பைத்தியமாக அலைந்தார்கள். உள்ளூர் நெசவாளர்கள் பிழைப்பு போகிறது என்று கூச்சலிட, 1686இல் பிரான்ஸ் அவற்றைத் தடை செய்தது; தடை 1759 வரை நீடித்தது. மியுலூஸ் அப்போது பிரான்சில் இல்லை. சுவிஸ் கூட்டணியில் இருந்த தனிக் குடியரசு, 1798இல்தான் இணைந்தது. தடை செல்லாத அந்த ஊரில் 1746இல் அச்சுப்பட்டறை தொடங்கினார்கள். அங்கே அச்சிட்ட துணிக்குப் பெயரே 'இந்தியத் துணி' என்பதுதான். நம் கைவினைஞர்களின் சாயத்தையும் பூக்கொடியையும் பார்த்து எழுந்த தொழில்நகரம் அது. திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாட்ஸ்வைலர்-ஸ்ட்ருத்தோஃப் நாஜி வதைமுகாமை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் கார் இல்லாமல் கடினம். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் முகாம் முழங்காலுக்கு ஆகாது.

சாப்பாடு கொஞ்சம் பிடிவாதம் கேட்கும். மெல்லிய தட்டை ரொட்டி போன்ற ஃபிளாமெகுயெஷ் மீது பன்றி இறைச்சித் துண்டுகள் தூவித்தான் வரும். 'ஸான் லார்தோன்' என்று சொன்னால் அது இல்லாமல் சுட்டுத் தருவார்கள். புளித்த முட்டைக்கோஸைக் கொழுப்பில் வேக வைப்பார்கள், அதனால் இறைச்சியை ஒதுக்கினாலும் சைவம் ஆகாது. வெங்காய டார்ட்டிலும் இறைச்சி இருக்கக்கூடும். கூகெல்ஹோஃப் இனிப்பு ரொட்டியில் முட்டை உண்டு. எதைவிடவும் முக்கியம் நேரம்: இரண்டு மணிக்குச் சமையலறை மூடினால் ஏழு வரை பெரும்பாலான உணவகங்களில் ஒன்றும் கிடைக்காது. பெரியவர்களுக்கு சர்க்கரை நோய் இருந்தால் பகல் உணவை 12.45க்குள் முடித்துவிடுங்கள், கடிகார ஊர்வலம் பார்க்கும் நாளில் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் வேண்டாம். ஸ்ட்ராஸ்பூர் சந்தை 1570 முதல் நடப்பது, அழகுதான். ஆனால் விடுதி வாடகை எகிறும், தீவுக்குள் நுழையவே பைகளைச் சோதிப்பார்கள், குளிரில் மணிக்கணக்கில் நெரிசலில் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மகளைத் தோழிகளோடு அனுப்புங்கள். நீங்கள் அக்டோபர் டிக்கெட்டை மாற்ற வேண்டாம்.