ஒரு நாட்டில் எந்த மாதிரி கண்டுபிடிப்புகள் வரும் என்பதை அந்த நாட்டின் சட்டங்களும் அமைப்புகளும்தான் தீர்மானிக்கின்றனவா?

பெருமளவுக்கு ஆமாம். ஆனால் "காப்புரிமைச் சட்டம் கடுமையாக இருந்தால் கண்டுபிடிப்பு தானாகப் பெருகும், வளரும் நாடுகளில் அது இல்லை, அதனால்தான் பின்தங்கிவிட்டார்கள்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் ஆலைகளில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். என் பிழைப்பே ஒரு சட்டத்தால் வந்ததுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே ஆங்கிலேயர் போட்ட 1911-ம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில். மருந்து விலையோ எட்டாத உயரத்தில். நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையின் வழியில் 1970-ல் புதிய சட்டம் வந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டு.

அதனால் அதே மருந்தின் மூலக்கூறை வேறு முறையில் தயாரிக்க வழி தேடுவது எங்கள் முழுநேரத் தொழிலாகிவிட்டது. எந்தக் கரைப்பானை மாற்றலாம், ஆறு படியில் நடக்கும் தயாரிப்பை எப்படி நாலு படியில் முடிக்கலாம் என்று இரவு ஷிப்டிலும் அதே பேச்சுதான். இதைக் காப்பியடிப்பது என்பவர்கள் ஒரு நாள் ரியாக்டர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குடுவையில் அழகாக வந்த வினை, ஆயிரக்கணக்கான லிட்டர் கலத்தில் சூடு வெளியேறாமல் கருப்புத் தாராகிவிடும். அதைச் சரிசெய்வதும் கண்டுபிடிப்புதான்.

சட்டம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. 1961-ல் அரசு தொடங்கிய ஐ.டி.பி.எல். என்ற மருந்துக் கம்பெனி ஒரு தலைமுறைக்கே தொழில் கற்றுக்கொடுத்தது. டாக்டர் ரெட்டீஸ் மருந்துக் கம்பெனியை ஆரம்பித்த அஞ்சி ரெட்டி அங்கே வேலை பார்த்தவர். எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி.யின் தயாரிப்பு முறை, ஹைதராபாத்தின் அரசு ஆய்வகத்திலிருந்து சிப்லா என்ற இந்திய மருந்துக் கம்பெனிக்குப் போனது. 2001-ல் சிப்லா மூன்று மருந்து சேர்ந்த எய்ட்ஸ் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதற்கு முன் பணக்கார நாடுகளில் அதன் விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது.

வளர்ந்த நாடுகளும் இதே பாதையில் வந்தவைதான். சுவிட்சர்லாந்து 1977 வரை மருந்துக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை. இத்தாலியில் அது வந்தது 1978-ல். சொந்தத் தொழில் காலூன்றிய பிறகுதான் வேலி போட்டார்கள்.

சரி, புதிய மூலக்கூறுகளில் நாம் ஏன் இன்னும் பின்தங்கியிருக்கிறோம்? 2005-ல் நாமும் மருந்துக்கே காப்புரிமை கொடுக்கத் தொடங்கினோம். ஆனால் அமெரிக்காவில் அந்தச் சட்டத்தைச் சுற்றி வேறு பலவும் இருக்கின்றன. அடிப்படை ஆய்வுக்கு அரசு பல வருடம் பொறுமையாகப் பணம் போடுகிறது. அந்தப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே உரிமையாக்கிக்கொண்டு கம்பெனிகளுக்குக் கொடுக்க, 1980-ன் பே-டோல் சட்டம் வழி செய்தது. இங்கே நாங்கள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு வினையூக்கியைச் சோதிக்கப் போனோம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவே 14 மாதம் ஆனது. அதற்குள் அந்த ஆய்வு மாணவி படிப்பை முடித்து ஜெர்மனிக்குப் போய்விட்டார்.