கொழும்புப் புறக்கோட்டையை ஆங்கிலத்தில் ஏன் 'பெட்டா' என்கிறார்கள்?

அது நம்ம 'பேட்டை'தான். கோட்டைக்கு வெளியே கடைகண்ணியும் குடியிருப்புமாக இருக்கும் பகுதிக்குப் பேட்டை என்று பெயர். சென்னைப் பக்கம் சைதாப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று நிறைய உண்டு. ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் பெட்டா ஆக்கிக் கொழும்புக்கும் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கொழும்புத் தமிழர் யாரும் அதைப் பேட்டை என்று சொல்வதில்லை, நமக்கு அது புறக்கோட்டை, அதாவது கோட்டைக்குப் புறத்தே இருப்பது. பஸ் கொண்டக்டர் சிங்களத்தில் கத்துகிற 'பிட்டகொட்டுவ'வுக்கும் அதே அர்த்தம்தான்.

கோட்டை எங்கே என்று கேட்காதீர்கள், மதிலை 1870 வாக்கிலேயே வெள்ளைக்காரன் இடித்துவிட்டான், பெயர் மட்டும் மிச்சம்.

அப்புறம், மெயின் வீதியில் பழைய மணிக்கோபுரம் நிற்கிற இடத்துக்கு கெய்மன்ஸ் கேட் என்று பெயர். கெய்மன் என்றால் முதலை. ஒல்லாந்தர் காலத்தில் அந்த வாசல் பக்கம் முதலைகள் திரிந்ததாம், இப்போது நாட்டாமைமார் (சுமை தூக்குகிறவர்கள்) தள்ளுகிற வண்டிகளுக்கு இடையில் மனுசன் நடக்கவே வழியில்லை.

பக்கத்துச் செட்டியார் தெருவுக்கு ஆங்கிலத்தில் 'சீ ஸ்ட்ரீட்', சிங்களத்தில் 'ஹெட்டி வீதிய'. இங்கே தமிழும் சிங்களமும் நகைக்கடைச் செட்டிமாரைப் பார்த்திருக்கின்றன, ஆங்கிலம் கடலைப் பார்த்திருக்கிறது.