சந்திப்பும் சந்திப்பிழையும்

கேள்வி: 2019-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 வீடியோ கேம் வர்த்தக கண்காட்சியில் நான் எடுத்த 214 படங்களை அனுப்பியுள்ளேன். அங்கே நான்கு பிரபல கேம் படைப்பாளிகளைச் சந்தித்தேன். இப்போது ஈ3-ஐயே மூடிவிட்டார்கள். என்னைப் போன்ற ரசிகன் இனி எங்கே போவது?

பதில்: கேட்டதற்குப் பதில் ரொம்பச் சின்னது. ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கேம்ஸ்காம் கண்காட்சி. செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோ. பின்னதற்குப் பெயரில்தான் டோக்கியோ, நடப்பது பக்கத்துச் சிபாவில். இரண்டிலும் ரசிகர்களுக்கு டிக்கெட் உண்டு. போய்வாருங்கள்.

என் கண் நின்ற இடம் வேறு. ‘வர்த்தக கண்காட்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இருக்க வேண்டிய ‘க்’ எங்கே போயிற்று? அதைக் கோட்டைவிட்ட கையோடு, நான்கு பேரைச் ‘சந்தித்தேன்’ என்கிறீர்கள். சந்தி வரவேண்டிய இடத்தில் காணோம், வராத இடத்தில் வந்து நிற்கிறது. (எங்கள் மெய்ப்புத் திருத்துபவருக்கும் எனக்கும் இந்த ஒற்று விஷயத்தில் பல வருடச் சண்டை. இன்று அவர் லீவு, தைரியமாக எழுதுகிறேன்.)

வர்த்தகமும் கண்காட்சியும் சேரும்போது ‘ம்’ கெடும், ‘க்’ தோன்றும். ஈ3-இன் கதையே இதுதான் ஐயா. 1995-இல் தொடங்கியபோது அது கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் கூடுகிற இடம். ரசிகன் நுழைய வேண்டுமென்றால் கேம் கடையில் வேலை பார்க்கும் நண்பன் யாராவது தயவு பண்ண வேண்டும். 2017-இல்தான் பொதுமக்களுக்கென்று 15,000 டிக்கெட் ஒதுக்கினார்கள். அந்த ‘க்’ நீங்கள்தான். ஆனால் வர்த்தகத்தின் ‘ம்’ அதற்கு முன்பே கெடத் தொடங்கிவிட்டது. கேம் கம்பெனியான நிண்டெண்டோ 2013-இலேயே பெரிய மேடை நிகழ்ச்சியை விட்டுவிட்டு வீடியோவில் அறிவிக்க ஆரம்பித்தது. 2016-இல் இன்னொரு கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தனிக்கடை விரித்தது. நீங்கள் போன வருடம் சோனியே வரவில்லை. ரசிகனின் போனுக்கே நேராக வீடியோ போய்ச் சேரும் என்றான பிறகு, கடைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்ட எவன் அரங்குக்குக் காசு கொடுப்பான்? பந்தி முடிகிற நேரத்தில் உங்களுக்கு இலை போட்டார்கள். 2023 டிசம்பரில் இலையையும் எடுத்துவிட்டார்கள்.

முதல் ஈ3-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சேகா கம்பெனி தன் கேம் கருவியான சாட்டர்ன் 399 டாலர் என்று அறிவித்திருந்தது. அப்புறம் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். “299” என்றார். இறங்கிவிட்டார். போட்டிக் கருவியான பிளேஸ்டேஷனின் விலை அது, பேச்சு அவ்வளவுதான். நான்கு பக்கம் கேட்டால் பதினான்கு பக்கம் அனுப்பிவிட்டு, ‘ஒரு வரியும் வெட்டக் கூடாது’ என்று குறிப்பும் வைக்கும் நம் கட்டுரையாளர் பெருமக்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

படங்களுக்கு வருவோம். அறுபது படங்களில் இருப்பது அடுத்தவர் பிடரி. பிரபலங்களோடு எடுத்துக்கொண்ட நான்கிலும் உங்கள் கண் கேமராவில் இருக்கிறது. அவர்கள் கண்ணோ உங்கள் தோளைத் தாண்டி, வரிசையில் அடுத்து நிற்பவர் மேல். இதற்கு இலக்கணத்தில் இயல்பு புணர்ச்சி என்று பெயர். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. பக்கத்தில் பக்கத்தில் நின்றன, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. (வகுப்பில் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போதும் சிரித்துக்கொள்ளலாம்.) அதே வாரம் மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சியில் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் ஒரு கேமைப் பிரமாதம் என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் “நீங்கள்தான் பிரமாதம்!” என்று கத்தினார். ரீவ்ஸ் பேச்சை நிறுத்தி, அவரைக் கைகாட்டி, அதையே திருப்பிச் சொன்னார். அதைச் சந்திப்பு என்றால் ஒத்துக்கொள்வேன். கத்தியவர் ரீவ்ஸ் அருகில்கூடப் போகவில்லை, படமும் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்களிடமும் ஒன்று இருக்கிறது: 143-ஆவது படம். அரங்கின் பின்புறம், காலி அட்டைப்பெட்டி மேல் ஒரு பையன். கம்பெனிப் பெயர் போட்ட சட்டை, கழற்றிப் போட்ட ஷூ, மடியில் ஐந்தாறு கன்ட்ரோலர்கள், கையில் ஈரத்துணி. ஆயிரம் பேர் விரல் பட்ட பிசுக்கைத் துடைத்துக்கொண்டே உங்களை நிமிர்ந்து பார்க்கிறான். படத்தின் கீழே, “இவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டேன், தானும் காலையிலிருந்து தேடுவதாகச் சொன்னார், இருவரும் சேர்ந்து போனோம்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிடைத்ததா இல்லையா என்று எழுதவில்லையே?