முழு சிக்னல் இருந்தும் இணையம் ஏன் நிற்கிறது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்து வசிக்கிறோம். இணைய இணைப்பு எங்களில் ஒருவரின் பெயரில் இருக்கிறது. ரூட்டரும் அவருடைய அறையில், மேசைக்குக் கீழேதான் இருக்கிறது. கட்டணத்தைச் சமமாகப் பிரித்துக் கட்டுகிறோம். பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் காணொளி அழைப்பில் எதிரே இருப்பவரின் முகம் உறைந்து நிற்கிறது, குரல் துண்டுதுண்டாக வருகிறது. சில நேரம் வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிந்தும் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. ஒருவர் ஓயாமல் திரைப்படம் பதிவிறக்குவதுதான் காரணம் என்று மற்றவர்கள் நினைக்கிறோம். அவரோ இல்லவே இல்லை என்கிறார். வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதா, புதிய ரூட்டர் வாங்குவதா? – ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கோளாறு எங்கே என்று தெரியாமல் செலவு செய்தால், புதிய ரூட்டரும் அதே மேசைக்கடியில் இருந்துகொண்டு அதே தொல்லையைத்தான் தரும். புதிய திட்டமும் பதிவிறக்க வேகத்தை மட்டும் கூட்டுவதாக இருந்தால், நீங்கள் எழுதியிருக்கும் கோளாறு அப்படியே நீடிக்கக்கூடும். உடன் வசிக்கும் ஒருவர்மீது பழி சுமத்துவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடுவதுதான் நியாயம். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

உங்கள் கைப்பேசியிலிருந்து ரூட்டர் வரை காற்றில் செல்லும் வழி ஒன்று. ரூட்டரிலிருந்து மோடம் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கும் கருவி) வழியாகச் சேவை நிறுவனத்தை நோக்கிச் செல்லும் வழி இன்னொன்று. திரையில் தெரியும் கோடுகள் முதல் வழியின் சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. இரண்டாவது வழி முற்றிலும் அடைபட்டுக் கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே இருக்கும். ஆகவே, தொல்லை வரும் அந்த எட்டு மணிக்கு, உங்கள் அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து, கட்டளைச் சாளரங்கள் இரண்டில் ஒரே நேரத்தில் பிங் (ping) கட்டளையை ஓடவிடுங்கள்; ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். ஒன்று ரூட்டரின் முகவரிக்கு. பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், வைஃபை அமைப்பில் கேட்வே என்ற இடத்தில் பார்க்கலாம். மற்றொன்று வெளியுலகில் எப்போதும் பதில் தரும் ஒரு முகவரிக்கு; கூகுளின் 8.8.8.8 அதற்கு ஏற்றது. ரூட்டருக்கான பதில் சில மில்லிசெகண்டுகளில் வந்தபடி இருந்து, வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் நூற்றுக்கணக்கில் எகிறினால், காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ரூட்டருக்கான பதிலே தாவினாலோ தவறிப்போனாலோ கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சீராக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையைச் சந்தேகிக்கலாம். அதை மாற்றுவது இரண்டு நிமிட வேலை.

பகலில் சரி, இரவில் தடுமாற்றம், சிக்னல் முழுமை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்கள் வீட்டில் இரண்டாவது வழியில்தான் நெரிசல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் பதிவிறக்கத்தைவிடப் பதிவேற்றத்தையே முதலில் சந்தேகிப்பேன். பல வீட்டு இணைப்புகளில் பதிவேற்ற வேகம், பதிவிறக்க வேகத்தில் ஒரு சிறு பங்குதான். இரவில் எல்லோரும் வீடு திரும்பிக் கைப்பேசியை மின்னேற்றியில் செருகியதும், அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் அது யாரையும் கேட்காமல் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. வழி நிரம்பியதும், வெளியே போக முடியாத தரவை மோடம் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. பதிவேற்ற வேகம் 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) என்றும், அந்த வரிசையில் 1 மெகாபைட் தேங்கியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட். அது வெளியேற 1.6 விநாடி பிடிக்கும். உங்கள் குரலைச் சுமந்து வரும் மிகச் சிறிய தரவுப் பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில் நின்று 1.6 விநாடி காத்திருந்தாக வேண்டும். பேச்சு இயல்பாக இருக்க ஒரு திசைக்கான தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். இந்தக் கணக்கில் அது பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. பதிவிறக்கமும் இதில் அடிபடும். வந்து சேர்ந்த தரவுக்கு உங்கள் கருவி அனுப்பும் ஒப்புகையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். மற்றவர்களின் சம்மதத்துடன் ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் கைப்பேசிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு, 8.8.8.8-க்குப் பிங் ஓடும்போது அந்த ஒரு கைப்பேசியிலிருந்து பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றுங்கள். 20, 22, 21 மில்லிசெகண்டு என்று வந்துகொண்டிருந்த எண்கள் 300, 700, 1200 என்று ஏறி, பதிவேற்றத்தை நிறுத்திய மறுகணமே பழையபடி 20-க்குத் திரும்பினால் காரணம் உறுதியாகிவிட்டது. ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போல, நீங்கள் சந்தேகிக்கும் நண்பர் ஒன்றும் செய்யாதிருக்க, புகார் சொல்பவரின் கைப்பேசியே வழியை அடைத்திருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. கணினி வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை தரும் அதன் விரிவாக்கம் 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. உங்கள் ரூட்டரின் அமைப்புகளில் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) என்ற பெயரில் இப்படியொரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நெரிசலில்லாத நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் செய்து, கிடைத்த பதிவேற்ற வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்ச வரம்பாகக் கொடுங்கள். கையில் இருக்கும் வேகத்தை எதற்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத் தோன்றும். வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத மோடத்தில் சேராமல், அதை ஒழுங்குபடுத்தத் தெரிந்த ரூட்டரில் சேர வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வசதி இல்லாவிட்டால், படக் காப்பு நள்ளிரவுக்குப் பிறகு நடக்கட்டும் என்று ஐவரும் ஒப்புக்கொள்வதே பெரும்பகுதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

சோதனையில் ரூட்டருக்கான பதிலே தடுமாறியது என்றால், மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள். மூன்று நண்பர்களுடன் நான் வசித்த வீட்டிலும் ரூட்டர் இப்படித்தான் மேசைக்கடியில் இருந்தது. இரண்டு வாரம் ஒருவரையொருவர் குறை சொன்ன பிறகு, ஒருநாள் ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தேன். அன்று யாரும் அதை அணைக்கவில்லை, ஆனாலும் அது இயங்கத் தொடங்கிப் பதினொரு நிமிடமே ஆகியிருந்தது. அடாப்டரின் முனை தளர்ந்திருந்தது. மேசையில் உட்கார்ந்தவர் காலை நீட்டும்போதெல்லாம் கம்பி அசைந்து, ரூட்டர் சத்தமில்லாமல் அணைந்து மீண்டும் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. அந்த நண்பரிடம் நான் கடுமையாகப் பேசிய சொற்கள் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன. எந்தக் கோளாறானாலும் இயங்கு நேரத்தை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்ததுதான்.

இடத்தை மாற்றுவது அடுத்த வேலை. எல்லா அறைகளுக்கும் பொதுவான நடுப்பகுதியில், நெஞ்சுயரத்துக்கு மேல், இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவற்றிலிருந்து விலகி ரூட்டர் இருக்கட்டும். பொது இடத்தில் இருந்தால், ஒருவர் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாலும் மற்றவர்கள் தவிக்க வேண்டியதில்லை. ஒரே சேனலில் (வைஃபை அலைவரிசையின் ஒரு பிரிவில்) இருக்கும் கருவிகள் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் பேச முடியும். தொலைவிலுள்ள அறையிலிருந்து பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசும் கருவி, மற்ற எல்லோருடைய நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, கோடியறையில் இருப்பவரின் சிக்னலைச் சரிசெய்வது ரூட்டருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் நன்மைதான். சிக்னலை எண்ணில் காட்டும் செயலிகள் இருக்கின்றன. மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அளவில் காணொளி அழைப்பு நன்றாக ஓடும், மைனஸ் 75-க்கும் கீழே போனால் சிரமம் தொடங்கிவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இவற்றில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் குறைவாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே பகுதியில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவர்களை ஊடுருவும் திறன் குறைவு. அதன் சில சேனல்களில் ரேடார் அலை தென்பட்டால் ரூட்டர் விலகி வேறு சேனலுக்குப் போயாக வேண்டும், அந்த நேரத்தில் எல்லோருக்கும் இணைப்பு விட்டுப்போகும். பெரும்பாலான நாடுகளில் 36 முதல் 48 வரையிலான சேனல்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

சேவை நிறுவனத்திடம் புகார் செய்வதானால், மோடத்தில் லேன் கேபிளால் ஒரே ஒரு கணினியை மட்டும் இணைத்து, அப்போதும் வெளிப் பதில் தவறுகிறதா என்று பார்த்து, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்ட பிறகு பேசுங்கள். ரூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள் என்ற ஒரே பதிலோடு அவர்கள் உங்களை அனுப்பிவிட முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவர் தன் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து கேபிளால் இணைத்த நாள் முதல், சில கைப்பேசிகளில் மட்டும் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. – ஒரு வாசகர்

பதில்: இணையம் வரும் கைப்பேசியையும் வராததையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கேட்வே முகவரியை ஒப்பிடுங்கள். அது வேறுவேறாக இருந்தால், ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை இரண்டு ரூட்டர்களும் செய்துகொண்டிருக்கின்றன. பழைய ரூட்டரிடம் முகவரி வாங்கிய கைப்பேசி வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. பழைய ரூட்டரை, முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றினால் போதும். அந்த வசதி இல்லையென்றால், அதில் டிஹெச்சிபியை அணைத்து, முதல் ரூட்டரின் முகவரியோடு மோதாத வேறொரு முகவரியை அதே எண் வரிசையில் கொடுத்து, கேபிளை வான் (WAN) என்று குறித்த துளையில் செருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள்.

கேள்வி: சிக்னலே இல்லாத கடைசி அறைக்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: கேபிள் இழுக்க வழியே இல்லாவிட்டால் மட்டும் வாங்குங்கள். சிக்னலை ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு; இல்லாத சிக்னலை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் அதைச் செருகுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும். அதன் மறுமுனையில் முந்தைய பதிலில் சொன்னபடி பழைய ரூட்டர் ஒன்றை வைத்தால், அந்த அறையில் இருப்பவருக்கு வேகத்தில் குறையே தெரியாது.