வாசகர் கேள்வி பதில்: பேப்பர்ல வர்ற 'கிளவுட்' (clout)

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். இங்கிலீஷ் பேப்பர்ல முதல் பக்கத்துல ஒரு அரசியல்வாதிக்கு 'கிளவுட்' கொறஞ்சுபோச்சுன்னு போட்டிருந்தாங்க, கடைசிப் பக்கத்துல ஒரு பேட்ஸ்மேன் பந்தை 'கிளவுட்' பண்ணி சிக்ஸர் அடிச்சாருன்னு இருக்கு. ரெண்டும் ஒரே வார்த்தையா? நேரா பவர்னு எழுதுனா என்ன?

பதில்: ஒரே வார்த்தைதான் தங்கச்சி. பழைய அர்த்தம் ஓங்கி ஒரு அடி, அது ஸ்போர்ட்ஸ் பக்கத்துல இன்னும் அப்படியே இருக்கு, 2007ல நம்ம டர்பன் கிங்ஸ்மீட்ல யுவராஜ் சிங் ஸ்டூவர்ட் பிராட் ஓவர்ல ஆறு பந்தையும் சிக்ஸருக்கு அனுப்புனாரே, அந்த மாதிரி அடிக்குன்னே உள்ள சொல்லு. செல்வாக்குங்கற அர்த்தம் பிற்பாடு அமெரிக்காவுல, முக்கியமா சிகாகோ அரசியல்ல பழகி, அங்கேருந்து பேப்பர்காரங்க கைக்கு வந்துச்சு. சின்ன வார்த்தை, தலைப்புல கொஞ்ச இடத்துல அடங்கிடும், அதனால எல்லா ஊர் எடிட்டருக்கும் பிடிச்சுப்போச்சு.

ஆனா பவர் வேற. பவர் பதவியோட வரும், சட்டத்துல எழுதியிருக்கும். கிளவுட் எங்கயும் எழுதியிருக்காது, ஆனா சொன்னா நடக்கும். 1999 தேர்தல்ல நம்ம குவாசூலு-நேட்டால் மாகாண சட்டசபையில 80 சீட்டு, இன்காத்தா கட்சிக்கு 34, ஏ.என்.சி. கட்சிக்கு 32, ராஜ்பன்சிங்கற தலைவரோட மைனாரிட்டி ஃப்ரன்ட் கட்சிக்கு வெறும் 2. ரெண்டு சீட்ட வச்சு ஆட்சி பண்ண முடியாது, ஆனா அந்த ரெண்டும் ஏ.என்.சி. பக்கம் சேர்ந்தா அங்கயும் 34 ஆயிடும்ல, அப்போ ரெண்டு பெரிய கட்சியும் அந்த ஆள மதிச்சுதானே ஆகணும். இதுக்குத்தான் கிளவுட்னு பேரு, இந்த இடத்துல அத எழுதுனா சரி.

எனக்கு வருத்தம் எங்கன்னா, "அவருக்கு நல்ல கிளவுட் இருக்கு"ன்னு ஒரு வரி போட்டுட்டு அப்படியே போயிடறாங்க பாருங்க, அதுலதான். யாருகிட்ட செல்லுது, எதனால செல்லுது, பணமா ஓட்டா சொந்தமா, ஒண்ணும் இருக்காது. படிக்கிறவங்களுக்கு பயம்தான் மிஞ்சும், விஷயம் மிஞ்சாது. பிசினஸ் பண்ற குப்தா குடும்பத்துக்கு அரசாங்கத்துல செல்வாக்கு ஜாஸ்தின்னு இந்த நாட்டுல ரொம்ப நாள் பேச்சு இருந்துச்சு, அவங்க யாரும் மந்திரி கிடையாது. 2016 நவம்பர்ல பப்ளிக் ப்ரொடெக்டரா, அதாவது அரசாங்கத்துல நடக்குற தப்ப விசாரிக்கிற அதிகாரியா இருந்த தூலி மடோன்செலாவோட ரிப்போர்ட் வெளிவந்துச்சு, அதுல துணை நிதி மந்திரியா இருந்த மெபிசி ஜோனஸ், தனக்கு நிதி மந்திரி பதவியும் 60 கோடி ராண்டும் தர்றதா குப்தா தரப்புல சொன்னாங்கன்னு சொல்லியிருந்தாரு. குப்தா தரப்பு மறுத்தாங்க. ஆனா யாரு, யாருக்கு, எவ்வளவுன்னு பேசுனதுக்கு அப்புறம்தான் அது வெறும் வதந்தியா இல்லாம விசாரிக்கக்கூடிய விஷயமா ஆச்சு, அத விசாரிக்க நீதிபதி ஸோண்டோ தலைமையில கமிஷனும் வந்துச்சு. 2017ல அமாபுங்கானே, டெய்லி மேவரிக்குங்கற செய்தி நிறுவனங்க வெளியிட்ட குப்தா தரப்பு ஈமெயில்களும் அந்த வேலையத்தான் செஞ்சுது. ரிப்போர்ட்டர்னா அப்படி எழுதணும், அந்த விவரம் கையில இல்லைன்னா கிளவுட்ங்கற வார்த்தையையே தொடக்கூடாதுங்கறது என் கட்சி.

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸ்ல எங்க பசங்க 'கிளவுட் சேஸர்'னு ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறாங்க, அதுவும் இதானா அண்ணா?

பதில்: அதேதான். லைக்கு, ஃபாலோயர்ஸுக்காக எதையும் செய்யுற ஆளு. இப்போ பேப்பர்லயும் அந்த அர்த்தத்துல வருது. பசங்க ஸ்கூல் கட்டுரையில எழுதுனா ஒண்ணு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க, செல்வாக்குங்கற அர்த்தத்துல அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல 'எ' (a) போடக்கூடாது, போட்டா ஒரு அறைங்கற அர்த்தம் ஆயிடும். பன்மையும் கிடையாது.